கடிகாரம் ஒன்றுதானே!

மோட்டார் படகு கிளப்பின் நேரப் பந்தயத்தில் அநியாயம் நடந்தது சிட்டு என்ற சின்னப் படகுக்கு. எட்டுப் படகுகளில் அதைத்தான் கடைசியாக, கடல் கொந்தளிக்கிற மத்தியானத்தில் ஓடவிட்டார்கள்.

ஒவ்வொரு படகும் தனியே ஓட வேண்டும். குறைந்த நேரத்தில் சுற்றி வரும் படகுக்குக் கொட்டகைக்குள் இடம். மற்றவை வருஷம் முழுக்க வெயிலிலும் மழையிலும் கிடக்கும். கிளப் தலைவரின் படகான ராஜாளி முதலில் ஓடுவது வழக்கம். ஏன் என்று கேட்பது வழக்கமில்லை.

காலையில் கண்ணாடி போலக் கிடந்த கடலில் ராஜாளி வழுக்கிக்கொண்டு போய் வந்தது. சிட்டுவின் முறை வந்தபோது காற்று ஏறிவிட்டது. அலைக்கு அலை தூக்கிப் போட, அடிவயிறு அதிர அதிரக் கரை சேர்ந்தது. ராஜாளியைவிட இரண்டே விநாடி தாமதம்.

கொட்டகைக்குள் சொகுசாகச் சாய்ந்தபடி ராஜாளி ஆரம்பித்தது: “உழைக்கணும் தங்கச்சி! காத்து, அலைன்னு சாக்குச் சொல்லக் கூடாது. தகுதி இருந்தா யார் வேணா ஜெயிக்கலாம். உனக்கும் எனக்கும் ஒரே கடிகாரம்தானே?”

கரையில் ஒரு சொட்டு நனையாமல் உட்கார்ந்திருந்த கடிகாரம், “நான் யாருக்கும் பாரபட்சம் பார்க்கிறதே இல்லை” என்று பெருமைப்பட்டுக்கொண்டது.

சிட்டு சொன்னது: “ரொம்பச் சரிண்ணே. நாளைக்கே திரும்ப வச்சுக்குவோம். காலையில நான் ஓடுறேன், மத்தியானம் நீங்க ஓடுங்க. கடிகாரம் அதேதான், பயப்படாதீங்க.”