பின்கட்டைக்குள் என்ன?

தாம்பரம் அசரியா, 1943-ஆம் வருடத்து ராணுவத் துப்பாக்கியை அந்தக் காலத்தில் இருந்தபடியே புதுப்பித்து, கடைசியாக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் கோகிலவாணி உள்ளே வந்தார்.

“லைசென்ஸ்?”

அசரியா எடுத்து நீட்டினார்.

“சுடுமா?”

“சுடாது மேடம். குழாயை அடைச்சாச்சு. கலெக்‌ஷனுக்குத்தான்.”

“துப்பாக்கியோட பின்கட்டைக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க? திறங்க.”

மனைவி ரத்தினபாய் ஜெபிக்கத் தொடங்கினாள். அசரியா, தோளில் வைக்கும் அந்த மரக்கட்டையின் அடியிலிருந்த மூடியைத் திறந்து, சிறிய பித்தளை எண்ணெய்க் குப்பியை வெளியே எடுத்தார்.

கோகிலவாணி அதை ஆசையாகத் தடவினார்.

“போன மாசம் ஆன்லைன் ஏலத்துல, கடைசி நிமிஷத்துல என்கிட்டேருந்து இதைத் தட்டிட்டுப் போனது நீங்கதானே?”

“மேடம், நீங்களுமா?”

“வீட்டுல இருக்கிற என் பழைய துப்பாக்கிக்கும் இது ஒண்ணுதான் சார் பாக்கி. கண்ணாலயாவது பாத்துடலாம்னு வந்தேன். யூனிஃபார்ம் போடாம வந்து கேட்டா திறந்து காட்டியிருப்பீங்களா?”