பேச்சுத்துணைக்குப் புது மதர்போர்டு

வீட்டிலிருந்த பேச்சுத்துணை இயந்திரம் திடீரென்று வாயடைத்துப் போனதில் நித்திலா அழுதாள். அவள் கணவன் குணாளனுக்கு அன்று இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

மெக்கானிக் காஜா பாய் வந்து மூடியைக் கழற்றினார். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தார். ரேம் கார்டை உருவித் துடைத்து மாட்டினார். கடைசியில் மதர்போர்டை மோந்து பார்த்தார்.

"போர்டுதான் போச்சு சார். ரிப்பேர் பண்ணலாம், ஒரு வாரம் ஆகும். புதுசு போட்டா இப்பவே பேசும். ஆனா பழசு எதுவும் ஞாபகம் இருக்காது."

"நான் சொன்னது எல்லாமே போயிடுமா?" என்றாள் நித்திலா.

"புதுசே போடுங்க பாய்," என்றான் குணாளன். "எங்கிட்ட சொல்லாததையெல்லாம் இவ அதுகிட்டதான் சொல்லி வெச்சிருக்கா. போகட்டும்."

"மெஷின் மேலயா சார் பொறாமை?"

"சேச்சே. வீடு சுத்தமா இருக்கட்டும்னுதான்."

புது போர்டில் இயந்திரம் கண்விழித்தது. "வணக்கம். உங்களை எனக்குத் தெரியாது. சின்ன வயசுலேர்ந்து சொல்லுங்களேன், கேக்கறேன்."

நித்திலா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அதனருகே இழுத்துப் போட்டாள்.

குணாளன் கதவோரம் நின்று கேட்டான். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. "நித்தி, காபி..." என்று இழுத்தான்.

"கொஞ்சம் இருங்க சார், அவங்க பேசிட்டிருக்காங்க" என்றது இயந்திரம்.

பெண் பார்க்கப் போன அன்று, அவளோடு தனியாகப் பேச அவனுக்கும் மொட்டைமாடியில் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். பத்து நிமிடமும் அவன் தன் பைக்கின் மைலேஜைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.