முட்டை நுழையாத வீடு

"இந்த ஆத்துக்குள்ள முட்டை வாங்கிண்டு வரப்டாது. சம்மதம்னா மாடி ரூமை எடுத்துக்கோ" என்றாள் விசாலாக்ஷி மாமி.

"வாங்கிட்டு வர மாட்டேன் மாமி" என்றான் தமிழ்மாறன்.

அவன் வீட்டில் முதல் பட்டதாரி. சொந்த ஊர் பெரும்பாக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு என்றதும் மயிலாப்பூரில் நாலு வீட்டுக்காரர்கள் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். மாமி மட்டும்தான் சாவியைக் கொடுத்தாள்.

எட்டு மாதமாக வாக்கைக் காப்பாற்றினான். இப்போது அறையில் இருக்கும் பத்தொன்பது முட்டைகளையும்கூட அவன் வாங்கவில்லை. நண்பன் ஹபீபுர் ரஹ்மான் கொண்டுவந்து வைத்தவை. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டாலும் இரவில் தூக்கம் வருவதில்லை.

கோழி முட்டை அல்ல. டேகு என்கிற தென் அமெரிக்கப் பல்லியின் முட்டை. வளர்ந்தால் உடும்பு மாதிரி நாலடி இருக்கும். கே.கே. நகரில் ரஹ்மான் முறையாகப் பதிவு செய்து வளர்க்கும் ஜோடி, மூன்று வருடக் காத்திருப்புக்குப் பிறகு முதல் தடவையாக முட்டையிட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் வீட்டில் சுவர் இடிக்கும் வேலை. முட்டை அதிரக் கூடாது.

"ரெண்டு மாசம்தான் மச்சி. உன் ரூம்ல பல்லிகூட சத்தம் போடாது" என்றான் ரஹ்மான்.

பழைய குட்டி ஃபிரிட்ஜை மாற்றி ரஹ்மானே செய்த, முட்டை பொரிக்கும் இன்குபேட்டர். குளிர்ந்தால் சூடாக்கும், சூடானால் குளிர்விக்கும். கரண்ட் போனால் பேட்டரியில் அலாரம் அடிக்கும். தமிழ்மாறன் அதை மாடிப்படியில் தூக்கிப் போனபோது மாமி கேட்டாள்.

"என்னடா அது?"

"ஆபீஸ் மெஷின் மாமி."

அதுதான் அவன் சொன்ன பொய்.

ஐம்பத்திரண்டாம் நாள். மே மாத வெயில். கிண்டி ஆபீசில் இருந்தபடி போனில் இன்குபேட்டரின் வெப்பநிலையைப் பார்த்தான். பதினொன்று இருபதுக்கு முப்பது டிகிரி. அதன் பிறகு "தொடர்பு இல்லை".

கரண்ட் போயிருக்கிறது. ஃபிரிட்ஜ் நின்றிருக்கும். மொட்டை மாடி அறை மதியத்துக்குள் நாற்பதைத் தொடும். முப்பத்திரண்டு தாண்டினாலே ஆபத்து.

மாமிக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். எடுக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தான்.

வாசலில் வீட்டு வேலை செய்யும் ஜோதிலட்சுமி காய்கறிப் பையுடன் வந்துகொண்டிருந்தாள்.

"கரண்டு பதினொன்னரைக்கே பூட்ச்சு நைனா. உன் ரூம்ல இன்னா கீது? பீப்பீப்னு கத்திக்கினே இருந்துச்சு. மாமி சாவிய எடுத்துக்கினு மேல போச்சு."

"அப்புறம்?"

"இறங்கி வந்துச்சு. மூஞ்சே சரியில்ல. என்னாண்ட ஒரு வார்த்தை பேசல. நேரா தலைக்குக் குளிக்கப் போச்சு. காலைலதான் குளிச்சிது, திருப்பியும் இன்னாத்துக்கு? நான் அப்பவே கடைக்குப் பூட்டேன்."

எதைத் தொட்டால் மாமி மறுபடி தலைக்குக் குளிப்பாள் என்று தமிழ்மாறனுக்குத் தெரியும்.

மாடிக்கு ஓடினான். அறை அனலாக இருந்தது. ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. முட்டை டப்பாவைக் காணவில்லை.

கீழே வந்து வாசல் குப்பைக்கூடையைக் கிளறினான். வாழைப்பூ மடல், காபிச் சக்கை. கையை அடிவரை விட்டுப் பார்த்தான். தெருமுனைக்கு ஓடினான். தொட்டி காலி. குப்பை வண்டி வந்துபோய்விட்டது.

போன் அடித்தது. ரஹ்மான். எடுக்கக் கை வரவில்லை. திரும்பி வந்து மறுபடி அதே கூடையைக் கிளறினான்.

"அங்க என்னடா தேடறே?"

ஈரத் தலையில் துண்டு சுற்றியபடி மாமி வாசல்படியில் நின்றாள்.

"மாமி, நான் பொய் சொல்லிட்டேன். அது ஆபீஸ் மெஷின் இல்ல. ரூமை இன்னிக்கே காலி பண்ணிடறேன். டப்பாவை எங்க போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. சில முட்டையாவது பொழைக்கும்."

"பொய்யைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். கையைக் காலை அலம்பிண்டு உள்ள வா."

எட்டு மாதத்தில் அவன் கூடத்தைத் தாண்டியதில்லை. மாமி கூடத்தைத் தாண்டிப் போனாள். பூஜை அறை வாசலில் நின்றாள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. படங்களுக்குக் கீழே ஒரு மணை. அதன் மேல் டப்பா, சுற்றிலும் ஈர வேஷ்டி. உள்ளேயிருந்த தெர்மாமீட்டர் முப்பது புள்ளி எட்டு காட்டியது. பத்தொன்பது முட்டைகளிலும் அவன் போட்ட பென்சில் குறி மேலே பார்த்தபடி இருந்தது.

"ஆத்துலயே ஜில்லுன்னு இருக்கறது இந்த இடம் ஒண்ணுதான். விளக்கைக்கூட மலையேத்திட்டேன், சூடாகுமேன்னு" என்றாள் மாமி. "டப்பா மூடில எழுதி ஒட்டியிருந்தியே, திருப்பினா உள்ள இருக்கற குஞ்சு செத்துடும்னு. ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து எறக்கினேன். முட்டி போயிடுத்து."



"என்னை மன்னிச்சிடுங்க மாமி. இதைத் தொட்டுட்டு, நீங்க மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டியதாயிடுச்சு."

"தொட்டுட்டு யார்டா குளிச்சா?" என்றாள் மாமி. "குளிச்சுட்டுன்னா போய்த் தொட்டேன்."