தனி அடுப்பு

“இந்த ஊட்டுல எத்தன அடுப்புங்க எரியுது?”

செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார் கிராம நிர்வாக அலுவலர் ஐயாசாமி. குரலில் அதட்டல் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஹர்ஷிணி கோமளாவைப் பார்த்தாள்.

“ரெண்டுங்க,” என்று முந்திக்கொண்டாள் கோமளா. “எங்களுது முன்னால. இவளுது பின்கட்டுல.”

கோமளா, ஹர்ஷிணியின் கணவனுக்கு அண்ணன் மனைவி. அந்தக் கணவன் சென்னகிருஷ்ணன் காங்கேயம் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. தகப்பனை இழந்த குழந்தையைப் பராமரிக்க அரசாங்கம் மாதம் நாலாயிரம் தருகிறது. அது கிடைத்தால் பாப்பாவைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஹர்ஷிணி நிம்மதியாக மோட்டார் கம்பெனிக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றப் போகலாம். இப்போதைக்குக் கோமளாதான் பார்த்துக்கொள்கிறாள். எத்தனை நாளைக்கு அவள் தலையில் கட்டுவது?

சிக்கல் ஒன்றுதான். ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டால் ஒரே குடும்பம். அப்புறம் கோமளாவின் கணவன் ஸ்ரீனிவாஸின் சம்பாத்தியத்தையும் சேர்த்துத்தான் வருமானம் பார்ப்பார்கள். அவனுக்கோ சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது. நாலாயிரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

உண்மையில் அந்த வீட்டில் எரிந்தது ஒரே அடுப்பு. இரண்டாவது அடுப்பு கோமளாவின் யோசனை. யோசனை சொன்னதோடு நின்றாளா? ரேஷன் கார்டைப் பிரிக்க இ-சேவை மையத்தில் மூன்று நாள் கால் கடுக்க நின்றாள். காந்திபுரம் போய் அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கி வந்தாள். புதுசு என்று தெரிந்துவிடக் கூடாதே என்று நேற்றுக் காலை அதில் பாலைக் காய்ச்சிப் பொங்கி வழியவும் விட்டாள். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்ய மாட்டாள் என்று ஹர்ஷிணி மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

ஐயாசாமி பின்கட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். முன்கட்டில் வடித்த சோற்றைத்தான் அதில் மாற்றி வைத்திருந்தார்கள். அது அவருக்கு எப்படித் தெரியும்? மூடிவிட்டுக் குழந்தையிடம் குனிந்தார். காலையில் சோறு ஊட்டியது யார் என்று கேட்டார்.

“பெரிம்மா,” என்றது பாப்பா.

ஹர்ஷிணி பாப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோமளா அசரவில்லை.

“பச்சப் புள்ள பசின்னு வந்து நின்னா இல்லீன்னு சொல்ல முடியுங்களா? மத்தபடி அவ சோறு அவளுக்கு, எங்க சோறு எங்களுக்கு. நல்லது கெட்டதுக்கு மட்டுந்தானுங்க பேச்சு.”

அப்படி ஒரு கறார் அந்தக் குரலில். இவ்வளவு நடிப்பை இந்த அக்கா எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று ஹர்ஷிணிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்ரீனிவாஸ்தான் சுவரோரம் நின்றபடி கடைசிவரை தலையை நிமிர்த்தவில்லை. பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

ஐயாசாமி ஹர்ஷிணியின் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க அம்மணி. தனியாத்தான் இருக்கறீங்களா?”

“ஆமாங்க,” என்றாள். “தனியாத்தானுங்க இருக்கறேன்.”

பொய்தான். ஆனால் புருஷன் போனபிறகு அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண் நிறைந்து வழிந்தது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தனிக் குடித்தனம், அவளுடைய சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்தே பணம் வந்துவிடும் என்று தைரியம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வண்டி தெருமுனையைத் தாண்டியதும் ஹர்ஷிணி கோமளாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் அடுப்பைத் தூக்கினாள்.

“அக்கா, இதப் பரண் மேல போட்டுரட்டுங்களா?”

கோமளா பின்னாலேயே வந்தாள். அடுப்பை அவள் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“அது இங்கயே எரியட்டும் கண்ணு,” என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமல். “இத உங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னுதான் நாலு மாசமாத் தெரியாம இருந்தேன்.”