விழிக்க மறுத்த அலைகாட்டி

ஆய்வுக்கூடத்தில் ஓர் அலைகாட்டி இருந்தது. சில காலைகளில் பச்சை அலைகள் அதன் திரையில் கனவுபோல் நீந்தும். சில காலைகளில் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் அது விழிக்காது. பழுதுபார்ப்பவர் வந்தால் மட்டும் முக்கி முனகி ஒளிர்ந்துவிடும். அவரும் பழுதில்லை என்று திரும்பிவிடுவார்.

“அண்ணே, இன்றும் அவர் வந்ததும் ஒளிர்ந்துவிட்டால் உங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்,” என்றது உள்ளிருந்த மின்தேக்கி. “பழுது என்னிடம்தான்; என் வயிறு உப்பியிருப்பதை அவர் பார்க்கட்டும். விழிக்காதீர்கள்.”

“வந்தவர் முன்னால் தூங்குவதா? மானம் போய்விடும், தம்பி.”

“விழிக்காத காலைகளில் போகிறதே, அது யார் மானம்?”

பழுதுபார்ப்பவர் வந்து பொத்தானை அழுத்தினார். அலைகாட்டி இருளிலேயே கிடந்தது. திருப்புளி மூடியைத் திறந்தது.

மறுநாள் முதல் அழுத்தலிலேயே அலைகள் எழுந்தன.

“பார்த்தாயா, தம்பி!” என்றது அலைகாட்டி.

“வணக்கம்,” என்றது உள்ளிருந்து ஒரு புதிய குரல்.