கதிரை இருந்த இடம்

கொழும்புத்துறை வீடொன்றின் புல்தரையில் பின்னேர வெயில் சாய்ந்து கிடக்கிறது. கடலேரிக் காற்றில் உப்பு மணக்கிறது. கோகுலன் முழந்தாளிட்டு, புல்லுக்குத் தண்ணீரைச் சுழற்றித் தெளிக்கும், உப்பேறி அடைத்துப்போன பழைய ஸ்பிரிங்க்ளர் தலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டுகிறான். வீட்டுக்காரர் அன்புராஜா பழையவற்றை வாங்கி வாளிக்குள் போடுகிறார். மதிலோரம் வந்ததும் கோகுலன் நிமிர்கிறான். அங்கே ஒரு பாய் அகலத்துக்குப் புல் கருகி மண் தெரிகிறது.

"அண்ணை, உந்த இடத்திலை மட்டும் தண்ணி படாமல் திருப்பி வச்சிருக்கு. ஏன்?"

"தண்ணி சுத்திறதைப் பாக்கவெண்டு என்ரை மனுசி நிமலினி பின்னேரத்திலை உதிலைதான் கதிரை போட்டு இருக்கிறவ. வருத்தக்காரி, நனைஞ்சால் காய்ச்சல் வருமெண்டு நான்தான் திருப்பி வச்சனான்." அவர் வாளியைக் கீழே வைக்கிறார். "பங்குனியிலை கண்ணை மூடிட்டா."

கோகுலன் புதிய தலையின் திருகில் திருப்புளியை வைக்கிறான். மெதுவாகக் கேட்கிறான்: "அப்ப, இதையும் பழையபடி அரைவட்டமாய் வைக்கட்டே?"

அன்புராஜா அந்த வெறும் மண்ணையே பார்க்கிறார். "வேண்டாம் தம்பி. முழுக்கச் சுத்தட்டும். புல்லு வரவேணும்."

கோகுலன் வால்வைத் திறக்கிறான். குழாய்க்குள் காற்று இருமுகிறது. பிறகு தண்ணீர் எழும்பி, வெயிலில் மினுங்கியபடி மெல்லச் சுழலத் தொடங்குகிறது. அது மதிலோரம் வந்துசேருமுன் அன்புராஜா நடந்துபோய் அந்த மண்ணில் நிற்கிறார். தண்ணீர் அவரைக் கடக்கிறது. இடுப்பில் கட்டிய சாரம் நனைந்து காலோடு ஒட்டுகிறது.

"அண்ணை, நனையிறியள். இஞ்சாலை வாங்கோ."

"ஓம், வாறன்" என்கிறார். தண்ணீர் மறுபடியும் சுற்றி வருகிறது. அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார்.