டுபாக்கூர் பார்ட்டி

“என்ன சார் பேரு இதெல்லாம்?” என்றாள் ரேணுகா.

கம்ப்யூட்டரில் கஸ்டமர் ஃபைல்களுக்கு இருந்த பெயர்கள் அப்படி. ‘பச்சை சட்டை’. ‘மாமியாரோட வந்தவர்’. ‘ஏசி கேட்ட ஆள்’. திறந்தால் ஒருத்தர் ஆதாரோடு இன்னொருத்தர் பட்டா.

“எனக்குப் பேரு ஞாபகம் இருக்காது. சட்டைதான் இருக்கும்.” சிவப்பிரகாசம் உறுமினார். மரக்காணம் மெயின் ரோட்டில் அந்த ரியல் எஸ்டேட் ஆபீஸ் அவருடையது. “ஒழுங்கு பண்ணத்தானே உன்னை வேலைக்கு வெச்சேன்? பண்ணு.”

பண்ணினாள். ஆளுக்கொரு ஃபோல்டர், ஊர் வாரியாக.

ஒன்று மட்டும் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. முதலாளியே வைத்த பெயர்: ‘டுபாக்கூர்’.

“இவங்கல்லாம் யாருண்ணா?” சேல்ஸ் பார்க்கும் சரத்குமாரைக் கேட்டாள்.

“தேறாத பார்ட்டிங்கம்மா. அவங்களுக்கு போனே போடக்கூடாது. போட்டா சார் தொலைச்சிடுவாரு.”

திறந்தாள். இட்லிக் கடை அமுதவல்லி. ரிட்டயர்டு வாட்ச்மேன் அந்தோணிசாமி. அடுத்தது, கிளியனூர் பலராமன்.

அவள் அப்பா!

அவள் வேலைக்குச் சேரும் முன்னாலேயே மனை விசாரிக்க வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற சட்டையில், போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரேணுகாவுக்குச் சுருக்கென்றது. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கியே கை காய்த்துப்போன மனுஷன் டுபாக்கூரா?

யாரிடமும் கேட்கவில்லை. அதில் இருந்த அத்தனை பேரையும் தூக்கி ‘நல்ல பார்ட்டி’யில் போட்டாள். சரத்குமார் தினமும் வந்ததும் திறந்து வரிசையாகப் போன் போடுகிற ஃபோல்டர் அது. காலியான ‘டுபாக்கூரை’ டெலீட் பண்ணிய பிறகுதான் மனசு ஆறியது.

மறுநாள் அப்பாவே போன் பண்ணினார்.

“பாப்பா! உங்க ஆபீஸ் சரத்குமார் தம்பி கார்ல கூட்டியாந்திருக்குது. உப்பளத்தோரம் மனை. நம்ம ஊரு செம்மண்ணு மாதிரியே இருக்குதும்மா! மாட்டை வித்த காசு மடியிலயே இருக்குது. அட்வான்ஸ் குடுத்துடட்டுமா?”

“குடுப்பா!” என்றாள் பெருமையாக.

“யாரு?” என்றார் சிவப்பிரகாசம்.

“கிளியனூர் பலராமன் சார். உப்பளத்தோரம் மனைக்கு அட்வான்ஸ் தர்றாரு.”

நாற்காலி சாய்ந்து விழ எழுந்தார். “அந்தாளு டுபாக்கூர்ல இல்ல இருந்தான்?”

“நான்தான் எடுத்துட்டேன். ஏழைன்னா டுபாக்கூரா சார்? அவர் எங்கப்பா!”

போனைப் பிடுங்கினார். “யோவ் பலராமா! காசு குடுத்துட்டியா? இல்லியா? அப்ப சரி. அந்த மனை வித்துப் போச்சு. பஸ்ஸைப் புடிச்சு ஊரு போய்ச் சேரு!”

கட் பண்ணினார்.

ரேணுகா பையைத் தூக்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நாளையிலேர்ந்து நான் வரலை சார்.”

“உக்காரு. செம்மண்ணு நல்லாருக்குன்னாரா உங்கப்பா?”

“ஆமா.”

“நல்லாத்தான் இருக்கும். உங்க ஊருப் பக்கத்து மண்ணுதான், லாரியில கொண்டாந்து கொட்டினது. அடியில உப்பளம். ஐப்பசியில மழை புடிச்சா முட்டி வரைக்கும் தண்ணி.”

பை மறுபடி மேஜைக்கு வந்தது.

“அப்ப... மத்தவங்களுக்கு மட்டும் விக்கறீங்களே?”

“அவனுங்க பங்களா மேல பங்களா வெச்சிருக்கறவனுங்க. மூழ்கினா மீன் வளப்பானுங்க. நான் புரோக்கரும்மா, சாமியார் இல்ல.”

“சரி சார். அதுக்காக டுபாக்கூர்னா பேரு வெப்பாங்க?”

சிவப்பிரகாசம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, அந்த ஃபோல்டரை மறுபடி உண்டாக்கினார்.

“‘ஏமாத்தக் கூடாதவங்க’ன்னு பேரு வெச்சா, சரத்குமார் விட்டு வெப்பானா?”